இறுகிப்போன இம்மர்ஷன் ஹீட்டர்: கழற்றிப் பார்ப்பதா, சிலிண்டரையே மாற்றுவதா?

பிரிட்டனில் கொஞ்சம் பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். குழாயில் வெந்நீர் வரவில்லை. மாடி அலமாரியைத் திறந்தால் செம்பு சிலிண்டர், அதன் தலையில் இம்மர்ஷன் ஹீட்டர், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி நின்று சூடாக்கும் மின் ஹீட்டர். புது ஹீட்டர் வாங்கியாயிற்று, அதற்கென்றே இருக்கும் பெரிய ஸ்பேனரும் கைக்கு வந்தாயிற்று. பழைய ஹீட்டர் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது.

இன்னும் பலம் கொடுத்தால் சிலிண்டர் கிழிந்துவிடுமோ என்று பயம். அப்படியே விட்டால் குளிக்க வழியில்லை. பிளம்பரைக் கூப்பிட்டால் சிலிண்டரையே மாற்றிவிடலாம் என்கிறார். அது நியாயமான யோசனையா, அவருக்கு எளிதான வேலையா என்று நமக்குத் தெரியாது. இப்படிச் சிக்கிக்கொண்டு கேட்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே நிறுத்துவது என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் முறுக்க ஆரம்பித்தால், நமக்கான முடிவை அந்தச் செம்புத் தகடே எடுத்துவிடும். அதுவும் பெரும்பாலும் கடைகள் மூடிய பிறகு.

இங்கே நான் பேசுவது லாஃப்டில் இருக்கும் டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கும் பழைய வகை சிலிண்டரைப் பற்றி. தெருக் குழாயின் (மெயின்ஸ்) அழுத்தத்தில் நேரடியாக ஓடும் மூடிய வகை சிலிண்டர் உங்களுடையது என்றால், அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஜி3 தகுதி, அதாவது அந்த மூடிய வகையைக் கையாளும் தகுதி, பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

## முதலில், கெட்டது ஹீட்டர்தானா?

இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடுகிறவர்கள் நிறைய. ஹீட்டருக்குள் ஒரு குழலில் செருகியிருக்கும் நீளமான கம்பிதான் தெர்மோஸ்டாட். அது கெட்டாலும் வெந்நீர் வராது. ஆனால் அதை மாற்ற ஸ்பேனரே தேவையில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரையும் வடிக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பழையதை உருவிவிட்டு அதே நீளத்தில் புதியதைச் செருகினால் முடிந்தது.

ஆகவே மல்டிமீட்டரை எடுங்கள். ஃபியூஸ் பாக்ஸில் மின்சாரத்தை நிறுத்துங்கள், உண்மையிலேயே கரண்ட் இல்லை என்று சோதித்து உறுதி செய்யுங்கள். அதன் பிறகு எலிமென்ட்டின் (ஹீட்டரில் சூடாகும் கம்பியின்) இரு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 3 கிலோவாட் எலிமென்ட் நன்றாக இருந்தால் 18, 19 ஓம் அளவில் காட்டும். எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் எலிமென்ட் போய்விட்டது. ஓம் சரியாக இருந்தும் போட்டவுடன் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுகிறது என்றால் எலிமென்ட்டின் உறை பிளந்து, மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. அதற்கும் ஹீட்டரைத்தான் மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். அதில் ரீசெட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள், அது வெளியே துள்ளியிருக்கலாம். அழுத்தினால் வேலை செய்யும். ஆனால் ஏன் துள்ளியது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

தெர்மோஸ்டாட் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2004-க்கு முந்தைய பலவற்றில் இரண்டாவது பாதுகாப்பு கட்-அவுட் கிடையாது. அப்படிப்பட்ட தெர்மோஸ்டாட் 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொண்டால் சிலிண்டர் கொதிக்கும். கொதிநீர் வென்ட் குழாய் வழியாக லாஃப்ட் டேங்குக்குப் போகும், பிளாஸ்டிக் டேங்க் இளகும், கடைசியில் உடைந்து கீழே படுக்கையறையில் கொட்டும். 2006-இல் இங்கிலாந்தில் ஒரு கைக்குழந்தை இப்படித்தான் உயிரிழந்தது. ஹீட்டரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், கட்-அவுட் இல்லாத தெர்மோஸ்டாட்டை உங்கள் வீட்டில் விட்டுவைக்காதீர்கள்.

## எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

ஹீட்டர்தான் கெட்டது என்று உறுதியான பிறகு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

சிலிண்டரின் நிலை. எல்லாவற்றையும்விட இதுதான் கனமானது. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் செம்பு சிலிண்டரின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஹீட்டர் ஏறும் பித்தளை வளையத்தை அந்த மெல்லிய தகட்டில் பற்றவைத்திருப்பார்கள். குழாய் சேரும் இடங்களில் பச்சை பூத்திருக்கிறதா, அடியில் ஈரத் தடம் இருக்கிறதா, வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு தட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்த சிலிண்டர் வயோதிகத்தில் இருக்கிறது.

இந்த ஹீட்டருக்கு வீட்டில் என்ன வேலை. பாய்லர்தான் சிலிண்டருக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாகத் தண்ணீரைச் சூடாக்குகிறது, இம்மர்ஷன் அவசரத்துக்கு மட்டும் என்றால் அது ஒரு கதை. கேஸே இல்லாத வீடு, இரவு மலிவு மின்சாரத்தில் இம்மர்ஷன் ஒன்றே கதி என்றால் முற்றிலும் வேறு கதை.

இடமும் வால்வும். மேலிருந்து இறங்கும் ஹீட்டர் பெரும்பாலும் 27 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். அதை நேராக உருவ, சிலிண்டருக்கு மேல் அவ்வளவு வெற்றிடம் வேண்டும். தட்டு இருந்தால் கழற்றியாக வேண்டும். சிலிண்டருக்குத் தண்ணீர் வரும் குழாயில் சிவப்புச் சக்கர வால்வு ஒன்று இருக்கும். அது மூடுகிறதா என்று இன்றைக்கே திருகிப் பாருங்கள். பல ஆண்டுகள் யாரும் தொடாத வால்வு மூடாது, அல்லது மூடினால் மறுபடி திறக்காது.

நாளைய திட்டம். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஹீட் பம்ப் போடப் போகிறீர்களா? கூரையில் சோலார் இருக்கிறதா? வீட்டை விற்கிற எண்ணமா?

எத்தனை நாள் வெந்நீர் இல்லாமல் தாங்கும். கைக்குழந்தையோ வயதானவரோ இருக்கும் வீட்டுக்கும் தனியாள் இருக்கும் வீட்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க முடியாது.

வாடகை வீடு என்றால் இவ்வளவும் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெந்நீர் ஏற்பாட்டைப் பழுது பார்ப்பது வீட்டுக்காரரின் சட்டப்பொறுப்பு. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-குடியிருப்பவர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் தெரிவியுங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

## வழி 1: பொறுமையாகக் கழற்றுவது

ஏன் இறுகுகிறது என்று புரிந்தால் எப்படி அணுகுவது என்பதும் புரியும். ஹீட்டரின் தலை பித்தளை, அது ஏறும் வளையமும் பித்தளை. மரை 2¼ அங்குல பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரை அளவு. பொருத்திய காலத்தில் சணல் நாரையும் எண்ணெய்ப் பசையையும் மரையில் தடவி முறுக்கியிருப்பார்கள். இருபது முப்பது ஆண்டுகள் தினமும் சூடாகி ஆறி அந்தப் பசை கல்லாகிவிடுகிறது. மரையின் உள்பக்கம் சுண்ணாம்பும் சேர்ந்துகொள்கிறது.

ஆகையால் துருவுக்கு அடிக்கும் எண்ணெயை இங்கே நான் பெரிதாக நம்புவதில்லை. மரைக்கு மேலே வாஷர் அடைத்துக்கொண்டிருக்கிறது, எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடையாது. முதல் நாள் இரவு அடித்து வைப்பதால் கெடுதல் இல்லை, அவ்வளவுதான்.

பலரும் சறுக்குவது தண்ணீர் விஷயத்தில். வால்வை மூடி வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். சிலிண்டர் காலி என்று நினைத்துவிடுவோம். காலியே இல்லை. வெந்நீர் வெளியேறும் வாய் சிலிண்டரின் உச்சியில் இருக்கிறது, ஆகவே நின்றது குழாய்த் தண்ணீர் மட்டும்தான். சிலிண்டரில் சுமார் 120 லிட்டர் அப்படியே நிற்கிறது. அதை வடிக்க அடியிலிருக்கும் வடிகுழாயில் ஹோஸ் மாட்ட வேண்டும்.

இந்த நிலை நமக்கு நல்லதுதான். முதல் முயற்சி சிலிண்டர் நிறைந்திருக்கும்போதே நடக்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பது அந்தத் தண்ணீர்தான். முழுக்க வடித்துவிட்டு முறுக்கினால் அதே தகடு காலி டின் போல நசுங்கும்.

வேலையின் வரிசை இது. மின்சாரத்தை நிறுத்தி வயரைக் கழற்றுங்கள். வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். வளையத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு நுரைப் பூச்சைக் கத்தியால் வெட்டி எடுத்து, செம்பு கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். நுரையை எடுக்காவிட்டால் தகடு முறுக்குவது கடைசிவரை தெரியாது. தட்டையான வளைய ஸ்பேனர் வேண்டாம். ஹீட்டரின் அறுகோணத் தலை மெல்லியது, ஸ்பேனர் வழுக்கி முனைகளை மழுங்கடித்துவிடும். தலையை முழுசாக மூடி உட்காரும் ஆழமான பெட்டி ஸ்பேனர்தான் சரி.

முதலில் இறுக்கும் பக்கமே ஒரு தட்டு. ஒட்டிக்கிடக்கும் பசை பிளவுபடுவதற்காகத்தான். அப்புறம் எதிர்த்திசையில். நீளக் கம்பியைச் செருகித் தொங்கி இழுக்காதீர்கள். ஸ்பேனரின் கைப்பிடி முனையில் சுத்தியலால் சுருக் சுருக்கென்று தட்டுங்கள். சீரான இழுப்பு தகட்டை முறுக்கும், சட்டென்று விழும் அடி பசையை உடைக்கும். ஒருவர் தட்டும்போது இன்னொருவர் டார்ச்சோடு வளையத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அசையவில்லையா? இப்போது ஐந்து பத்து லிட்டர் வடித்துத் தண்ணீர் மட்டத்தை வளையத்துக்குக் கீழே இறக்குங்கள். ஹீட் கன்னால் பித்தளையைச் சூடாக்குங்கள். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும், அதனால்தான் இறக்கச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பித்தளை என்பதால் ஒன்று விரிந்து மற்றொன்று விடுபடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தேதான் விரியும். சூடு இளக்குவது அந்தப் பழைய பசையை. அதுவே போதும், பல ஹீட்டர்கள் இந்தக் கட்டத்தில்தான் விடுகின்றன. அலமாரிக்குள் புளோ லேம்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நுரை எரிந்தால் வரும் புகை விஷம்.

நிறுத்த வேண்டிய இடம்: வளையத்தோடு சேர்ந்து சிலிண்டரின் தலை கடுகளவு திரும்பினாலோ, வளையத்திலிருந்து சாய்வாக ஒரு சுருக்கம் ஓடினாலோ, பக்கத்துக் குழாய்கள் அசைந்தாலோ, அந்த நொடியே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஒரு தட்டுகூட கூடாது. இப்போது நிறுத்தினால் பாய்லரை வைத்தாவது நாலு நாள் ஓட்டலாம். கிழிந்துவிட்டால் அதுவும் போச்சு.

மறைந்திருக்கும் செலவு: கழன்றாலும் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தண்ணீர் ஊர்களில், அதாவது லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும், எலிமென்ட் மேல் பருமனாகக் காரை படிந்து, தலை கழன்ற பிறகும் துவாரம் வழியே வெளியே வராது. மெதுவாகத் திருப்பித் திருப்பி, காரையை உள்ளேயே உதிர்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். உதிர்ந்தது வடிகுழாயை அடைத்துக்கொள்ளும். மூடாத சிவப்பு வால்வை மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் தனிக் கூலி. தண்ணீர் திரும்ப நிரப்பும்போது குழாயில் காற்று அடைத்துக்கொள்வதும் உண்டு.

எப்போது இதுவே சிறந்தது: தகடு சுத்தம், கசிவு இல்லை, வால்வு வேலை செய்கிறது, மேலே உருவ இடம் இருக்கிறது. செலவு ஹீட்டர் விலை மட்டும், சில பத்துப் பவுண்டுகள். ஆனால் ஒரு நிபந்தனை: சிலிண்டர் கிழிந்தால் மறுநாளே புதியது வாங்க முடிகிற நாளில் மட்டும் ஆரம்பியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். சிலிண்டரின் உயரம், குறுக்களவு, குழாய் வாய்கள் இருக்கும் இடம் மூன்றையும் முன்கூட்டியே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: அறுத்து எடுப்பது

கழற்ற முடியாத தலையை ஹாக்சாவால் அறுத்துவிட்டு, சிலிண்டர் வளையத்துக்குள் மிஞ்சும் ஹீட்டரின் மரைப்பகுதியை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடுத்தடுத்து இரண்டு இடத்தில் கீறி, அந்தத் துண்டை உளியால் உள்நோக்கித் தட்டி மடக்குவது. ஒரு துண்டு விழுந்தால் மிச்சம் தளர்ந்துவிடும். கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும்.

கீறல் சிலிண்டர் வளையத்தின் மரையில் லேசாகப் பட்டுவிட்டால் பெரிய மோசமில்லை. தண்ணீரை அடைப்பது மரை கிடையாது, வளையத்தின் மேல் முகத்தில் உட்காரும் வாஷர்தான். அந்த முகத்தில் கோடு விழுந்தால்தான் புது ஹீட்டர் காலம் பூராவும் கசியும். எலிமென்ட் உள்ளே விழுந்துவிடாதபடி அறுக்கும் முன்பே கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பித்தளைத் தூள் சிலிண்டருக்குள் போகாமல் இருக்காது. அடிவழியாக நன்றாக அலசி வெளியேற்றாவிட்டால் அது ஷவர் பம்ப்பிலும் குழாய் வால்வுகளிலும் போய் உட்காரும்.

மறைந்திருக்கும் செலவு: நேரம். இதை ஒரு பிளம்பர் செய்தால் அவர் கேட்கும் மணிக்கூலி புது சிலிண்டர் விலையை எட்டிப் பிடித்துவிடும். அதனால்தான் அவர்களில் பலர் இதைச் செய்ய முன்வருவதில்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சாதாரண வீட்டு சிலிண்டருக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதும் இல்லை.

எப்போது சரி: சிலிண்டர் வழக்கமில்லாத அளவு, மாற்று எளிதில் கிடைக்காது, அல்லது அலமாரி கட்டிய பிறகு சிலிண்டரை வெளியே எடுக்கவே வழியில்லாத வீடு. கையில் நேரமும் பழக்கமும் இருக்க வேண்டும்.

## வழி 3: அதை அப்படியே விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பது

யாரும் முதலில் யோசிக்காத வழி, ஆனால் சில வீடுகளுக்கு மிகப் பொருத்தமானது. பாய்லர் சிலிண்டரை நன்றாகச் சூடாக்குகிறது என்றால், இறந்துபோன ஹீட்டரின் வயரைச் சுவிட்ச் வரை முறைப்படி துண்டித்துவிட்டு அதை வெறும் மூடியாக விட்டுவிடலாம். தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் எட்டுகிறதா என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள். அதற்குக் கீழே தேங்கி நிற்கும் வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

சில சிலிண்டர்களில் பக்கவாட்டில், கீழே, பித்தளை மூடி போட்ட இரண்டாவது வாய் ஒன்று இருக்கும். நுரைக்குள் புதைந்திருக்கும், தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதைத் திறந்து 11 அங்குல ஹீட்டரைப் போடலாம். ஆனால் அந்த மூடியும் இதே வயதுதான், அதுவும் இறுகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தகட்டில் புதுத் துவாரம் போட்டு இறுக்கிப் பொருத்தும் ஃபிளாஞ்ச் வகைகளும் விற்கின்றன. பழைய, வளைந்த, மெல்லிய தகட்டில் புதிதாகத் துளை போடுவது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

மறைந்திருக்கும் செலவு: துணை போய்விடுகிறது. ஜனவரியில் பாய்லர் நின்றால் வீட்டில் சூடான தண்ணீருக்கு வேறு வழியே இருக்காது. சோலார் உபரி மின்சாரத்தைத் தண்ணீரில் சேமிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, அது வேலை செய்வதே இம்மர்ஷனை வைத்துத்தான். செத்த ஹீட்டரின் தலையில் ஈரம் கசிகிறது என்றாலும் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

எப்போது சரி: சீக்கிரமே ஹீட் பம்ப் வரப்போகிற வீடு, அல்லது விற்கப்போகிற வீடு. ஹீட் பம்ப்புக்கு சுருள் பெரிதாக இருக்கும் வேறு சிலிண்டர்தான் போடுவார்கள். இன்றைய சிலிண்டரில் கொட்டும் பணம் ஓரிரு ஆண்டில் குப்பைக்குப் போகும்.

## வழி 4: சிலிண்டரையே மாற்றுவது

பிளம்பர் சொன்னது இதுதான். பல நேரம் அவர் சொல்வது சரி.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 900 மில்லிமீட்டர் உயரம், 450 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட செம்பு சிலிண்டர். அதே அளவில் புதியது இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது. விலை சில நூறு பவுண்டுகள். பழக்கப்பட்ட ஆளுக்கு அரை நாள், ஒரு நாள் வேலை. கையில் கிடைப்பது புது ஹீட்டர் மட்டும் இல்லை. சுத்தமான சுருள், தடிமனான நுரைக் காப்பு எல்லாம் சேர்ந்தே வருகிறது. சிவப்புப் போர்வை சுற்றிய காலத்து சிலிண்டர் உங்களுடையது என்றால், அது இரவும் பகலும் அலமாரியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த வீணடிப்பு நிற்பதே மின் கட்டணத்தில் தெரியும்.

இதில் ஏமாற்றுவது அளவுதான். 450 மில்லிமீட்டர் என்பது செம்பின் அளவு. நுரையோடு சேர்த்தால் 500-ஐத் தாண்டும். அலமாரிக் கதவு, படிக்கட்டுத் திருப்பம் எல்லாவற்றிலும் நுழைகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். புதியதன் குழாய் வாய்கள் பழையவற்றுக்கு நேராக வராவிட்டால் குழாய் வேலை கூடும். சுண்ணாம்பு நிறைந்த பழைய சிலிண்டரைக் காலியாக்கினாலும் ஒரு ஆள் தூக்க முடியாது. பழைய சிலிண்டர் செம்பு, பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. எடுத்துப் போவதைப் பிளம்பர் தன் கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

எப்போது இதுவே சிறந்தது: இம்மர்ஷன்தான் ஒரே வெந்நீர் வழி, சிலிண்டரில் வயதின் அடையாளம் ஒன்றாவது தெரிகிறது, இன்னும் பல ஆண்டு இதே வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முறுக்கிப் பார்க்கவே மாட்டேன், நேராக இதற்கு வந்துவிடுவேன். வாங்கும்போது மேலும் பக்கத்திலுமாக இரண்டு ஹீட்டர் வாய் உள்ளதாக வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

## வழி 5: ஏற்பாட்டையே மாற்றுவது

மெயின்ஸ் அழுத்த சிலிண்டர் போட்டால் ஷவர் நன்றாக விழும், லாஃப்ட் டேங்கும் வேண்டாம். ஆனால் தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீருக்குப் போதிய அழுத்தமும் அளவும் இருக்க வேண்டும். ஜி3 தகுதியுள்ளவர் பொருத்தி முறைப்படி பதிவு செய்ய வேண்டும், பாதுகாப்பு வால்விலிருந்து வெளியேறும் நீருக்குத் தனிக் குழாய் வேண்டும், ஆண்டுதோறும் பார்க்க ஆள் வேண்டும். பழைய குழாய் இணைப்புகள் புது அழுத்தத்தில் கசியத் தொடங்குவதும் உண்டு.

தேவைப்படும்போது அப்போதைக்கப்போதே தண்ணீரைச் சூடாக்கும் காம்பி பாய்லர் என்றால் சிலிண்டரே போய் அலமாரி மிஞ்சும். இரண்டு குளியலறை ஒரே நேரத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது இடிக்கும். நாளைக்கு சோலாரோ ஹீட் பம்ப்போ வரும்போது மறுபடி சிலிண்டருக்கு இடம் தேடுவீர்கள். செலவு ஆயிரங்களில். ஒரு ஹீட்டர் கழலவில்லை என்பதற்காக மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள். பாய்லரும் ஆயுள் முடிந்து நிற்கிறது என்றால் பேசலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | வெந்நீர் இல்லாத நேரம் | பெரிய ஆபத்து | யாருக்கு |
|---|---|---|---|---|
| கழற்றுவது | மிகக் குறைவு | சில மணி நேரம் | தகடு முறுக்கிக் கிழிவது | சிலிண்டர் திடமாக இருப்பவர்கள் |
| அறுப்பது | கூலி கூடும் | ஒரு நாள் | வாஷர் உட்காரும் முகம் கெடுவது | மாற்று சிலிண்டர் கிடைக்காதவர்கள் |
| அப்படியே விடுவது | கிட்டத்தட்ட இல்லை | இல்லை | பாய்லர் நின்றால் துணை இல்லை | பாய்லர் உள்ளவர்கள், விரைவில் மாற்றப் போகிறவர்கள் |
| புது சிலிண்டர் | சில நூறு பவுண்டு, கூலி தனி | அரை நாள் முதல் ஒரு நாள் | அளவு பொருந்தாமல் போவது | இம்மர்ஷனை மட்டும் நம்பியவர்கள் |
| ஏற்பாட்டை மாற்றுவது | ஆயிரங்களில் | ஓரிரு நாள் | தண்ணீர் அழுத்தம் போதாமை | பாய்லரும் போய்விட்டவர்கள் |

எந்தப் பக்கம் சாய்வது என்று இன்னும் தெரியவில்லையா? பாய்லர் இருக்கிறது, சிலிண்டர் பார்க்க நன்றாகவே இருக்கிறது என்றால் முதல் வழியை ஒருமுறை முறையாக முயலுங்கள். சுருக்கம் தெரிந்தால் நிறுத்திவிட்டு மூன்றாவது வழிக்கு இறங்குங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. பாய்லர் இல்லாதவர்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் அவர்களுக்கு நான்காவதைச் சொல்கிறேன்.

## புது ஹீட்டர் போடும்போது

சுண்ணாம்புத் தண்ணீர் ஊரில் சாதாரணச் செம்பு உறை எலிமென்ட் வாங்காதீர்கள், இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகம்) உறை உள்ளதை வாங்குங்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான், நீண்ட நாள் உழைக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் போன்ற மென்னீர்ப் பகுதிகளில் செம்பே போதும். நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள், எலிமென்ட் சிலிண்டரின் அடியைத் தொடக்கூடாது.

வளையத்தின் முகத்தைப் பழைய பசை ஒட்டாமல் சுரண்டித் துடையுங்கள். புது வாஷர் கூடவே வரும். மரையில் சணல் சுற்ற வேண்டாம், அடுத்த முறை யாரோ இதே பாடு படுவார்கள். கையால் முழுக்க ஏற்றிவிட்டு, ஸ்பேனரால் வாஷர் நன்றாக உட்காரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். காற்றில்லாமல் சீராக ஓடும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீரில் மூழ்காத எலிமென்ட் சில நொடிகளில் கருகிவிடும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். முழு சிலிண்டரும் சூடேற 3 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூடான பிறகு ஒருமுறை, மறுநாள் ஆறியிருக்கும்போது ஒருமுறை, வாஷர் ஓரத்தை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஸ்பேனரில் கால் திருப்பு, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு முறையும் பேப்பர் உலர்ந்தே வந்தால், வெட்டியெடுத்த நுரைக்குப் பதிலாக ஒரு காப்புத் துண்டை அங்கே கட்டிவிட்டு அலமாரியை மூடலாம்.